கைப்பேசியில் சேகர், பதாகையில் ‘சகேர்’: வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் ஏன் உடைகிறது?

தைப்பூசம் நெருங்கிவிட்டால் ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் அச்சகங்களுக்கு ஓய்வே இருக்காது. தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். பந்தலுக்கு ஒரு பதாகை, பதாகையில் ஆலயத்தின் பெயர், உபயக்காரர் குடும்பத்தின் பெயர். கடல் கடந்து பட்டர்வொர்த், நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் போனாலும் இதே கதைதான். தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, திருமண அழைப்பிதழ், 16ஆம் நாள் கருமக்கிரியை அறிவிப்பு என்று ஆண்டு முழுவதும் தமிழ் எழுத்து அச்சேறிக்கொண்டே இருக்கிறது.

அப்படி அச்சேறும் எழுத்து பல நேரங்களில் உடைந்து வருகிறது. கைப்பேசியில் சரியாகத் தட்டச்சு செய்து புலனத்தில் அனுப்பிய ‘சேகர்’, பதாகையில் ‘சகேர்’ ஆகிவிடுகிறார். ‘மேகலா’ என்ற பெண் ‘மகேலா’ ஆகிறார். ‘வேலன்’ துணையிருக்க வேண்டிய இடத்தில் ‘வலேன்’ நிற்கிறார். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அது இறந்துபோன அப்பாவின் பெயராக இருந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

இதில் இரண்டு பேரைப் பலர் உடனே குறை சொல்வார்கள். தட்டச்சு செய்தவருக்குத் தமிழ் தெரியவில்லை என்பார்கள், அல்லது அச்சகக்காரர் அலட்சியம் என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல. தட்டச்சு சரியாகவே இருக்கும். பினாங்கில் அச்சகம் நடத்துபவர்களில் சீனரும் மலாய்க்காரரும் நிறைய; அவர்களின் வடிவமைப்பாளர் தமிழைப் படிக்கத் தெரியாமலே, வாடிக்கையாளர் அனுப்பியதை நகலெடுத்து ஒட்டுகிறார். ஒட்டிய இடத்தில் எழுத்து இடம் மாறியது அவர் கண்ணுக்குத் தெரியாது. அதை மாற்றியது அவருடைய கணினியில் உள்ள மென்பொருள்.

கொம்பு எங்கே நிற்கிறது?

‘சே’ என்ற எழுத்தை நாம் கையால் எழுதும்போது முதலில் கொம்பைப் போடுகிறோம், பிறகு ‘ச’. ஆனால் கணினி அதை வேறு விதமாகச் சேமித்து வைக்கிறது. யூனிகோட் என்ற உலகப் பொதுக் குறியீட்டு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டு, அவற்றில் 72 இடங்கள் நிரப்பப்பட்டுள்ளன. நம்முடைய 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் அதில் இல்லை. உயிர், அகரமேறிய மெய், கால், கொம்பு, சுழி, புள்ளி போன்ற உறுப்புகளுக்கே இடம். அந்த உறுப்புகளை ஒலிக்கும் வரிசையில் அடுக்குவதுதான் விதி. ஆகவே ‘சே’ என்பது உள்ளே ‘ச’, அதன் பின் ஒற்றைக் கொம்பல்லாத நெடிற்கொம்பு என்ற வரிசையில் கிடக்கும்.

அதைத் திரையில் காட்டும்போது கொம்பை எடுத்து ‘ச’வுக்கு முன்னால் வைக்க ஒருவர் வேண்டும். ‘சொ’ என்றால் ஒரு குறியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் வைக்க வேண்டும். ‘கு’ என்றால் ‘க’வையும் உகரக் குறியையும் இணைத்து ஒரே வடிவமாக மாற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்வது எழுத்துருவும் மென்பொருளுக்குள் இருக்கும் எழுத்துக் கோப்பு இயந்திரமும் சேர்ந்துதான். ஆண்டிராய்டு கைப்பேசி, குரோம் உலாவி, லிப்ரே ஆபீஸ் போன்றவற்றில் ஹார்ஃப்பஸ் என்ற இலவச இயந்திரம் இதைச் செய்கிறது. ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டும் தங்களுக்கென்று தனித்தனி இயந்திரம் வைத்திருக்கின்றன. அதனால்தான் கைப்பேசியிலும் உலாவியிலும் தமிழ் சரியாக நிற்கிறது.

வடிவமைப்பு மென்பொருள்கள் பல இந்தப் பொது இயந்திரங்களை நம்பாமல் சொந்த இயந்திரத்தை வைத்திருக்கின்றன. அந்த இயந்திரம் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டிருந்தால், உள்ளே உள்ள வரிசை அப்படியே திரைக்கு வந்துவிடும்: ச, கொம்பு, க, ர், என்று. கொம்பு ‘க’வுக்கு முன்னால் நிற்பதால் நம் கண் அதைச் ‘சகேர்’ என்று படிக்கிறது. பிழையின் ரகசியம் இவ்வளவுதான். கொம்பு உள்ள எழுத்துகள் மட்டும் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால், அது தட்டச்சுப் பிழை அல்ல, இயந்திரப் பிழை என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பழைய எழுத்துரு ஏன் உயிரோடு இருக்கிறது?

கணினியில் தமிழ் என்பதற்கு மலேசியாவில் நீண்ட வரலாறு உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு மென்பொருள் பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்து உலகத் தமிழர்களிடையே பரவியது. ஆப்பிள் மேக் கணினியுடன் வரும் இணைமதி எழுத்துருவும் அவர் வடித்ததே. கைப்பேசியில் தமிழ் என்பது அரிதாக இருந்த 2005இல் செல்லினம் வந்தது. இந்தப் பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் அந்தத் தொடக்க காலத்தின் ஒரு சுமையும் நம் அச்சகங்களில் இன்றுவரை தொடர்கிறது.

யூனிகோட் புழக்கத்துக்கு வருமுன், எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். இலங்கைத் தமிழர்களிடையே பரவலான பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அச்சிட, ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று தட்ட வேண்டும். கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஏதோ ஆங்கிலச் சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கும். எழுத்துருவை மாற்றினால் முகமூடி கழன்றுவிடும். தமிழ்நாட்டில் ஒரு முறை, இலங்கையில் ஒரு முறை, சிங்கப்பூர், மலேசியாவில் ஒரு முறை என்று ஆளுக்கொரு வரிசை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்ற இரு குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் பரிந்துரைக்கப்பட்டன. இணையக் குழுக்களில் உருவான திஸ்கி என்ற முறையும் உடன் ஓடியது. 2000ஆம் ஆண்டு விண்டோஸில் லதா எழுத்துருவுடன் யூனிகோட் தமிழ் வந்த பிறகு மெல்ல மெல்ல எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்தார்கள். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது.

அச்சகங்கள் மட்டும் நகரவில்லை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. பழைய எழுத்துருவில் கொம்பும் ஒரு தனி ‘ஆங்கில எழுத்து’. கையால் எழுதுவதுபோல் கொம்பை முதலில் தட்டினால் முதலில் நிற்கும். எந்த இயந்திரமும் அதைத் தூக்கி நகர்த்த வேண்டியதில்லை. ஆகவே பேஜ்மேக்கர், பழைய ஃபோட்டோஷாப், பழைய கோரல்டிரா எல்லாவற்றிலும் அது உடையாமல் வந்தது. போதாததற்கு, திருமண அழைப்பிதழுக்கு ஏற்ற வளைந்து நெளிந்த அலங்கார எழுத்துகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. யூனிகோட் பக்கம் அப்போது நான்கைந்து சாதுவான எழுத்துருக்கள்தான். தொழில் செய்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

அந்த வசதிக்கு இப்போது விலை கொடுக்கிறோம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது; மேக்கில் அது புதிய இயங்குதளத்துக்கு மாறவே இல்லை. 2019இல் ஆப்பிள் வெளியிட்ட கேட்டலினா, பழைய 32 பிட் மென்பொருள்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டது. அடோபி நிறுவனம் 2023இல் டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 14 அக்டோபர் 2025இல் முடிந்தது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. கடையில் ஒரு மூலையில் அந்தப் பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் இருபது ஆண்டு ஆலய மலர்களும் பள்ளி ஆண்டிதழ்களும் திறக்கும். அது நின்றால் அவையும் நின்றன. பிடிஎஃப் கோப்பாக வைத்திருக்கிறோமே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். அதில் படிக்கலாம், ஆனால் ஒரு பெயரைத் தேட முடியாது. நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பையாக வரும்.

எந்த மென்பொருளில் என்ன செய்வது?

அடோபி மென்பொருள்களில் தமிழைச் சரியாகக் கோக்கும் இயந்திரம் 2012இல் வந்த சிஎஸ்6 காலத்திலிருந்தே இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், அது தானாக இயங்காது. நாம்தான் முடுக்கிவிட வேண்டும். இன்டிசைனில் பத்தி அமைப்புப் பலகையின் பட்டியலைத் திறந்து ‘அடோபி வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்டிரேட்டரில் முதலில் விருப்பங்கள் பகுதியில், எழுத்து என்ற பிரிவில், இந்திய மொழி வசதிகளைக் காட்டு என்ற பெட்டியைக் குறியிட வேண்டும். அதன் பிறகுதான் பத்திப் பலகையில் தெற்காசிய மொழிக்கான கம்போசரே கண்ணில் படும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் விருப்பங்களின் எழுத்துப் பிரிவில், பதிப்பைப் பொறுத்து ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்றோ ‘வேர்ல்டு ரெடி’ என்றோ இருக்கும்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த அமைப்பை மாற்றினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பில் உள்ள பழைய பத்திகள் பழைய இயந்திரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ‘மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை’ என்று கைவிடுபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து அதற்கும் தனியாக மாற்ற வேண்டும், அல்லது புதிய கோப்பில் தொடங்க வேண்டும்.

பதாகைக் கடைகளின் செல்லப்பிள்ளையான கோரல்டிராவில் 2012இன் எக்ஸ்6 பதிப்பு முதல்தான் இத்தகைய எழுத்துகளுக்கு ஆதரவு கிடைத்தது. எக்ஸ்5, எக்ஸ்4 வைத்திருப்பவர் எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. ஒரே முறை பணம் கட்டினால் போதும் என்று பலர் வாங்கிய அஃபினிட்டி மென்பொருளின் முதல் இரண்டு பதிப்புகளிலும் தமிழ் உடையும். அழகான மென்பொருள், நியாயமான விலை, ஆனால் நம் மொழிக்கு அங்கே கதவு மூடியிருந்தது. வாங்குவதற்கு முன் இலவசச் சோதனைப் பதிப்பை இறக்கி, ‘கொடுக்கப்பெற்றோம்’ என்று ஒரு சொல்லை ஒட்டிப் பார்த்தாலே போதும், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒற்றைக் கொம்பு, இரட்டைப் பக்கக் குறி, உகரம், புள்ளி எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

பணம் கொடுக்காமல் சரியான தமிழ் வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டும் நல்ல தேர்வு. இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது; 1.5.3 பதிப்புக்கு முந்தியதை மட்டும் இறக்கிவிடாதீர்கள். கேன்வா உலாவியில் இயங்குவதால் அங்கு தமிழ் ஒழுங்காக நிற்கிறது. பள்ளி ஆசிரியர்கள் பலர் அதற்கு மாறியது இதனாலும்தான். இருபது அடிப் பதாகைக்கு அது போதுமா என்பது வேறு விவாதம்.

அடோபி 2013இல் சந்தா முறைக்கு மாறியதை இங்கே மறந்துவிடக் கூடாது. மாதம் மாதம் கட்ட முடியாத சிறு கடை பழைய பதிப்பிலேயே இருந்துவிடுகிறது. சில கடைகளில் இருப்பது யாரோ பூட்டை உடைத்துத் தந்த பதிப்பு. அதில் புதுப்பிப்பும் வராது, கோளாறு என்றால் கேட்க ஆளும் கிடையாது. நம் அச்சகக்காரர்களைச் சோம்பேறிகள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எழுத்துரு நிறுவியும் காணவில்லையா?

விண்டோஸ் 10இல் 2018க்குப் பிந்தைய பதிப்புகளில் எழுத்துருவை இரட்டைச் சொடுக்கி நிறுவினால், அது அந்தப் பயனரின் கணக்குக்குள் மட்டுமே போய் உட்காரும். பழைய வடிவமைப்பு மென்பொருள்கள் பொது எழுத்துருக் கோப்புறையை மட்டுமே பார்க்கும். எனவே வேர்டில் தெரியும் எழுத்துரு கோரல்டிராவில் தெரியாது. எழுத்துருக் கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கி, ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு’ என்று கொடுத்து, மென்பொருளை மூடித் திறந்தால் வந்துவிடும்.

‘விண்டோஸ் மாற்றியதும் லதா காணாமல் போய்விட்டது’ என்பது இன்னொரு புகார். லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10 முதல் விருப்பக் கூறுகளாக ஒதுக்கப்பட்டுவிட்டன. அமைப்புகளில் விருப்பக் கூறுகள் பகுதிக்குப் போய், தமிழுக்கான துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்தால் திரும்பக் கிடைக்கும். நிர்மலா மட்டும் விண்டோஸுடன் தானாக வருகிறது.

அழகான யூனிகோட் எழுத்துரு இல்லை என்ற பழைய குறைக்கு இப்போது அவ்வளவு இடமில்லை. கூகல் எழுத்துருப் பக்கத்தில் நோட்டோ சான்ஸ், நோட்டோ செரிஃப், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், மீரா இனிமை, அனேக், பலூ தம்பி, கையெழுத்துச் சாயலில் கவிவாணர் என்று பல இலவசமாகக் கிடைக்கின்றன. விற்பனைக்கான அச்சு வேலையிலும் பயன்படுத்தலாம். திருமண அழைப்பிதழுக்கான அலங்கார வகை மட்டும் இன்னும் குறைவுதான், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆலயப் பதாகை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: ‘ஸ்ரீ’. இதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். பழைய பழக்கத்தில் ‘ஸ’வில் தொடங்கும், 2005இல் யூனிகோடில் ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்த பிறகு அதில் தொடங்கும் வழியும் வந்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் ஓர் எழுத்துருவுக்கு ஒரு வழி மட்டுமே தெரிந்திருந்தால் மற்றது பிரிந்து, புள்ளியோடு தனித்தனியாக நிற்கும். மாரியம்மன் பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீ’ உடைந்திருந்தால் எழுத்துருவை மாற்றுவதற்கு முன், அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டு வேறு விசைப்பலகையில் தட்டிப் பாருங்கள்.

மாற்றி எழுதும் கருவிகள்

யூனிகோட் எழுத்தைப் பழைய எழுத்துருவுக்கும், பழையதை யூனிகோடுக்கும் மாற்றித் தரும் இலவசக் கருவிகள் உள்ளன. சுரதாவின் பொங்குதமிழ், சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வெர்ட்டர் ஆகியவை பலருக்குத் தெரிந்தவை. பல கடைகள் புலனத்தில் வரும் செய்தியை இப்படி மாற்றித்தான் பழைய மென்பொருளில் ஒட்டுகின்றன. வேலை நடக்கிறது. ஆனால் நம் ஊர் அழைப்பிதழில் முகவரி மலாயில் இருக்கும், மண்டபத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். பாமினி போன்ற எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் இருக்கிறது என்பதால், ஜாலான் பெயர் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். அந்த வரிகளுக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பழையதை யூனிகோடாக்கும்போது வேறு வம்பு. பழைய எழுத்துருவில் ‘ர’வும் காலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. அவசரத்தில் ‘ர’வைக் காலாகப் போட்டு ஒப்பேற்றியவர்கள் உண்டு. ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டியவர்களும் உண்டு. காகிதத்தில் யாருக்கும் தெரியவில்லை. மாற்றியதும் அத்தனையும் வெளியே வரும். ஆலய வரலாற்று மலரை மாற்ற விரும்பும் நிர்வாகத்தினர், கருவி தருவதை அப்படியே நம்பாமல், தமிழ் நன்கு அறிந்த ஒருவரைக் கொண்டு பக்கம் பக்கமாகப் படிக்கச் செய்ய வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் நம்மவர்கள் செய்யக்கூடியது இது. திரைப்படத்தை அனுப்பாதீர்கள், எழுத்தாகவே அனுப்புங்கள். கூடவே, கைப்பேசியில் சரியாகத் தெரியும் அதே செய்தியின் படம் ஒன்றையும் ‘இதுபோல வர வேண்டும்’ என்று அனுப்புங்கள். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். மாதிரியைப் பார்க்காமல் அச்சிடச் சொல்லாதீர்கள். மாதிரி வந்ததும் கொம்பு உள்ள எழுத்துகளை முதலில் தேடுங்கள்: தே, வே, செ, பெ, கோ, பொ. பல பெயர்கள் அவற்றில் தொடங்குகின்றன. எழுத்து இடைவெளியைக் கூட்டியிருந்தால் கொம்பு தன் எழுத்தைவிட்டுத் தள்ளி நிற்கும், அதையும் குறைக்கச் சொல்லுங்கள்.

ஒரு கடையில் வடிவமைத்து இன்னொரு இடத்தில் அச்சிடுவதாக இருந்தால், அங்கே அந்த எழுத்துரு இருக்காது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எழுத்துரு பதிந்த பிடிஎஃப் கோப்பாகக் கொடுக்கலாம், அல்லது எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிக் கொடுக்கலாம். கோட்டுருவமாக்கிய பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது என்பதால், மாற்றுவதற்கு முந்திய கோப்பை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். அடுத்த ஆண்டு திருவிழாவுக்குத் தேதியை மட்டும் மாற்றினால் போதும் அல்லவா?